அப்பாவின் பக்கவாதம்: இரண்டரை வருட மறுவாழ்வுச் சிகிச்சையில் பார்த்தது

அப்பாவுக்கு மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து இரண்டரை வருடம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. இன்று கைத்தடியோடு வீட்டுக்குள் தானாக நடக்கிறார். கை பாதிதான் வந்திருக்கிறது. இதற்குள் இரண்டு மறுவாழ்வு மையங்களைப் பார்த்துவிட்டோம்.

முதல் மையத்தில் கருவிகளுக்குக் குறைவில்லை. ஆனால் கட்டிலிலிருந்து எழுப்பும்போது உதவியாளர் விழுந்த கையைப் பிடித்து இழுத்துவிட்டார். தசை துவண்டிருக்கும் நாட்களில் தோள்மூட்டுக்குப் பிடிமானம் இருக்காது, மூட்டு இறங்கிவிட்டது. 7 மாதம் வலி. அதற்குப் பயந்தே அப்பா கைப்பயிற்சி வேண்டாம் என்றார். எனக்கு அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை. மையம் தேடுகிறவர்கள், அங்கே ஒரு நோயாளியை எப்படி எழுப்பி உட்கார வைக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கருவிகளை அப்புறம் பார்க்கலாம்.

இரண்டாவது மையத்தில் முதல் வாரம் பாடம் எங்களுக்குத்தான். சட்டை போடும்போது முடியாத கை முதலில், கழற்றும்போது அது கடைசி. கைத்தடி நல்ல கையில். படி ஏற நல்ல கால் முன்னால், இறங்க முடியாத கால் முன்னால். அங்கே பயிற்சி 1 மணி நேரம்தான், மீதி நாள் முழுக்க வீட்டில் நாங்கள்தானே.

பேச்சில்தான் நாங்கள் நிறையத் தப்பு செய்தோம். அப்பாவுக்கு எல்லாம் புரியும், சொல் வராது. பதறிப்போய் நாங்களே சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவோம். "காத்திருங்கள், ஆமாம் இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேளுங்கள்" என்றார் ஸ்பீச் தெரபிஸ்ட். தன் பெயரே சொல்ல வராத நாட்களிலும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை அப்பாவுக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் தெரபிஸ்ட் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கினார்.

மூன்று மாதத்துக்குள் வராதது வராது என்று பலர் பயமுறுத்தினார்கள். முதல் சில மாதங்களில் வேகம் அதிகம், சரி. அதோடு முடிவதில்லை. 8-ஆம் மாதம் வலி அடங்கி, மணிக்கட்டும் விரல்களும் லேசாக அசைந்த பிறகு, நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு முடியாத கையையே வேலை வாங்கும் பயிற்சி கொடுத்தார்கள். இந்தப் பயிற்சியைப் பற்றி 2006-இல் வெளியான எக்ஸைட் (EXCITE) என்ற ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களுக்கு 2 வாரம் இதைக் கொடுத்ததில், ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றிருந்தது. அப்பா சட்டைப் பொத்தானைத் தானே போட்டது 16-ஆவது மாதம்.

ஒரு குறை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும். இரண்டு மையத்திலும் யாரும் அதைக் கேட்கவில்லை. பயிற்சிக்கு வர மறுத்து அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததைப் பிடிவாதம் என்றே நினைத்தோம். மனநல மருத்துவரிடம் நாங்களாகப் போய் மருந்து தொடங்கிய பிறகுதான், ஒரு நாள் காலை அவரே கைத்தடியைக் கேட்டார்.