பொறியியல் கலந்தாய்வு உதவி மையம்: சேர்க்கைக்குத் தெளிவான பதில், விடுதிக்குப் பாதிப் பதில்

என் தம்பி மகளைப் பொறியியல் படிப்பில் சேர்ப்பதற்காக, தென்மாவட்டம் ஒன்றில் அரசுப் பாலிடெக்னிக் வளாகத்தில் இயங்கிய தமிழ்நாடு பொறியியல் மாணவர் சேர்க்கை உதவி மையத்துக்கு ஒரே பருவத்தில் நான்கு முறை சென்று வந்தேன். தம்பி கறவை மாடுகளை விட்டு நகர முடியாதவன். நான் தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்றவன் என்பதால் விண்ணப்பம், கலந்தாய்வு, விடுதி என்று எதையும் நேரில் கண்டதில்லை. எங்களைப் போன்ற குடும்பங்களின் கேள்விகளுக்கு இந்த மையம் எந்த அளவுக்கு விடை தருகிறது என்பதை, அடுத்த ஆண்டு செல்லவிருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

1997இல் ஒற்றைச் சாளர முறை தொடங்கிய நாள் முதல் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திவந்த இந்தக் கலந்தாய்வு 2018இல் இணையவழிக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. முன்பெல்லாம் சென்னை கிண்டியில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இரவுப் பேருந்து ஏறிச் சென்று, பெரிய திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்தபடி அந்த நிமிடத்திலேயே முடிவெடுக்க வேண்டியிருந்தது. இப்போது வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றாலும், கணினியும் விவரமும் இல்லாத வீடுகளுக்கு மாவட்டந்தோறும் உள்ள உதவி மையங்களே துணை. அங்கே விண்ணப்பம் செய்து தருவதற்குத் தனிக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. பதிவுக் கட்டணம் மட்டுமே கட்டினோம்.

முதலில் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கணினி மையத்தில் பதிவு செய்ததுதான் நாங்கள் செய்த தவறு. சாதிச் சான்றிதழைக் கைப்பேசியில் படமெடுத்து ஏற்றியதில் கீழ்ப் பகுதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழோடு இணைக்க வேண்டிய கூட்டு உறுதிமொழிப் படிவத்தை அவர்கள் கேட்கவே இல்லை. உதவி மையத்தில் இருந்த ஆசிரியை ஒருவர், ஒவ்வொரு சான்றிதழையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, பெயரின் முன்னெழுத்து மதிப்பெண் பட்டியலிலும் சாதிச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்பது வரை சரிபார்த்தார். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவளுக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்திருக்க வேண்டிய இரண்டு நாள்கள் மிச்சமாயின.

சேர்க்கை தொடர்பான கேள்விகளில் இந்த மையத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். கட்-ஆஃப் எப்படி வருகிறது என்று கேட்டபோது, கணக்கை 100க்கும் இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் மாற்றி 200க்குக் கூட்ட வேண்டும் என்பதைப் பிள்ளையின் கையாலேயே போட வைத்தார்கள். கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 என்றால் 92, 42, 44 சேர்ந்து 178. விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி தரும் சமவாய்ப்பு எண் (ரேண்டம் எண்) சிறியதாக வந்துவிட்டதே என்று அவள் இரண்டு நாளாகச் சாப்பாட்டில் மனம் செல்லாமல் இருந்தாள். ஒரே கட்-ஆஃப் பெற்றவர்களில் முதலில் கணக்கு மதிப்பெண்ணையும் பிறகு இயற்பியல் மதிப்பெண்ணையும் ஒப்பிடுவார்கள், எல்லாமே சமமாக இருந்தால் கடைசியில்தான் அந்த எண்ணைத் தொடுவார்கள் என்று ஆசிரியை விளக்கிய பிறகே அவள் முகம் தெளிந்தது.

விருப்பக் கல்லூரிகளைப் பதிவு செய்யும் நாளில் அவர்கள் செய்த ஒரு காரியத்தை எல்லா மையங்களும் பின்பற்ற வேண்டும் என்று விரும்புகிறேன். கணினி முன் உட்காரும் முன்பே ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, “கிடைக்குமா கிடைக்காதா என்று யோசிக்காதே அம்மா, எது வேண்டுமோ அதை மேலே எழுது” என்றார்கள். மென்பொருள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, அவளது தரவரிசைக்கும் இனத்துக்கும் இடம் இருக்கும் முதல் விருப்பத்தை ஒதுக்குகிறது. ஆகவே, எட்டாத கல்லூரியை மேலே எழுதுவதால் இழப்பு ஒன்றும் இல்லை, பிடிக்காத கல்லூரியைப் பயத்தில் மேலே எழுதிவிட்டால்தான் இழப்பு. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு சேர்வதற்கும், ஏற்றுக்கொண்டே மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் பொறுமையாகச் சொன்னார்கள்.

படிப்புகளைப் பற்றிய கேள்விகளுக்குக் கிடைத்த பதில்கள் நன்று என்று சொல்லும் அளவில் இருந்தன. அரசு உதவி பெறும் கல்லூரிகள் சிலவற்றில் அரசு உதவியோடு நடக்கும் பிரிவுகளும் சுயநிதிப் பிரிவுகளும் வெவ்வேறு குறியீடுகளில் இருக்கும். வளாகமும் வகுப்பறையும் ஒன்றாக இருந்தாலும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. பட்டியலில் பாடப் பெயரின் பின்னால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் ‘எஸ்.எஸ்.’ என்ற இரண்டு எழுத்துகள்தாம் அது சுயநிதிப் பிரிவு என்பதைக் காட்டுகின்றன. எங்கள் வரிசையில் நின்ற பலருக்கு அது தெரியவில்லை. என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாக அல்லாமல் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியே வழங்கப்படுவது என்பதையும், தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் என்பதையும் கேட்டவுடன் சொன்னார்கள். கணினி அறிவியலா, செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலுமா என்று கேட்டதற்கு மட்டும், இரண்டு பாடத்திட்டங்களையும் பதிவிறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள் என்று நிறுத்திக்கொண்டார்கள். பரிந்துரைப்பது அவர்கள் வேலை அல்ல என்பதால் அது முறைதான். ஆனால் பாடத்திட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் பெரியவர்கள் இல்லாத வீட்டுப் பிள்ளை அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

மூன்றாவது முறை சென்றபோது, “பெரியப்பா, ஹாஸ்டல் பத்திக் கேளுங்க” என்று அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். எங்கள் ஊரிலிருந்து பட்டியலில் இருந்த எந்தக் கல்லூரிக்கும் தினமும் போய்வர முடியாது. சேர்க்கைக் கேள்விக்குப் பத்து நிமிடம் பதில் சொன்னவர்கள், இந்தக் கேள்விக்கு அந்தந்தக் கல்லூரியையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பெண்பிள்ளையை வெளியூருக்கு அனுப்பும் குடும்பத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்த ஒரு கேள்விதான். விடுதி சரியில்லை என்ற ஒரே காரணத்தால் நல்ல கல்லூரியை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் கிடைத்ததில் சேர்ந்த பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் அந்தத் தகவல் கலந்தாய்வு வெளியிடும் கல்லூரி விவரங்களிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் விடுதி நிரந்தரக் கட்டடமா வாடகைக் கட்டடமா, உணவுக்கு மாதம் எவ்வளவு, அறை வாடகை, மின் கட்டணம், முன்வைப்புத் தொகை எவ்வளவு, கல்லூரிப் பேருந்து கட்டாயமா விருப்பமா என்பது வரை கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கட்-ஆஃப் அட்டவணையோடு நின்றுவிடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. திறந்து காட்ட மையத்தில் ஒருவர் இருந்தால் போதும். அந்தத் தொகைகள் கல்லூரிகள் தரும் விவரங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாங்கள் பார்க்கச் சென்ற ஒரு தனியார் கல்லூரியில், அந்த விவரப் பக்கத்தில் இருந்த உணவுக் கட்டணம் ஒன்று, விடுதி அலுவலகத்தில் கேட்ட தொகை வேறு. சலவை, பராமரிப்பு என்று தனிக் கட்டணங்கள் சேர்ந்திருந்தன. அச்செடுத்துக் கொண்டுபோன தாளைக் காட்டியபோது, அது பழைய கணக்கு என்றார்கள்.

அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்பதும், இப்போது சமூகநீதி விடுதிகள் என்று பெயர் பெற்றிருக்கும் அரசு நல விடுதிகளில் கல்லூரி மாணவ மாணவியருக்கென்றே விடுதிகள் உண்டு என்பதும் எங்களுக்கு வரிசையில் நின்ற இன்னொரு தந்தை சொல்லித்தான் தெரிந்தன. இதை மையத்தின் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கலாம்.

தம்பி மகளுக்கு அவள் எழுதிய பட்டியலில் மூன்றாவது விருப்பம் கிடைத்தது. நிரந்தரக் கட்டட விடுதி உள்ள கல்லூரி அது. மையத்துக்குச் செல்பவர்கள், பதிவின் முதல் இரண்டு நாள்களையும் கடைசி இரண்டு நாள்களையும் தவிர்த்துக் காலை பத்து மணிக்கு முன்பே சென்றுவிடுங்கள். அசல் சான்றிதழ்களோடு, நினைத்து வைத்திருக்கும் கல்லூரிகளின் விடுதி விவரப் பக்கங்களையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யும் முன்பே அந்தந்த விடுதி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, முதலாண்டுப் பெண்பிள்ளைகளுக்கு அறை உறுதியா, ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்டு, அந்தத் தொகையைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.