பாடப்புத்தகமா, கிணற்றடியா?

தருமபுரிப் பக்கம் பழுப்பேறிய பற்களைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. நிலத்தடி நீரில் மிகுந்திருக்கும் ஃபுளூரைடு என்ற உப்புதான் அதற்குக் காரணம். வழக்கமான பள்ளியில் இந்த ஃபுளூரைடு ஒரு மதிப்பெண் கேள்வி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று எழுதினால் போதும், மறுநாள் மறந்தும் போகலாம்.

செயல்திட்ட வழியில், அதாவது தானே செய்து பார்த்துப் படிக்கும் பிள்ளையோ வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருகிறது. சோதனைக் குழாயில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறுவதை வண்ண அட்டையோடு ஒப்பிடுகிறது. பாறைக்கும் தண்ணீருக்கும் என்ன உறவு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதற்காக வந்தது என்று தானாகவே கேட்கிறது. ஒரு பாட்டிலுக்குள் இத்தனை பாடம்!

நாகர்கூடலில் உள்ள புவிதம் போன்ற மாற்றுப் பள்ளிகளைப் பெற்றோர் தேடிப் போவது இதற்காகத்தான். ஆனால் இந்த வழி மெதுவானது. ஆசிரியருக்குப் பொறுமை இல்லையென்றால் வெறும் விளையாட்டாகிவிடும். வாய்ப்பாடு அரைகுறையாகவே நிற்கும்.

எட்டாம் வகுப்பு வரை என் ஓட்டு கிணற்றடிக்கே. அதன்பிறகு பொதுத்தேர்வின் 500 மதிப்பெண் குறுக்கே வரும். 14 வயது நிறைந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். அதை உறவினர்களுக்கு விளக்குவதுதான் பெரும்பாடு.