ஏற்காட்டிலிருந்து துபாய்க்கு: ஒரு வங்கிக் கிளை செய்ததும் சொல்லாமல் விட்டதும்

ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் ஒன்றை நடத்திவருகிறோம். துபாயில் வேலை பார்க்கும் மகளுக்காக அங்கே 9 லட்சம் திர்ஹாம் விலையில், கட்டி முடிந்த அடுக்ககக் குடியிருப்பு ஒன்றை வாங்க முடிவெடுத்து, சேலம் அழகாபுரத்தில் என் பெயரிலும் என் மனைவி பெயரிலும் இருந்த வீட்டுமனையை விற்ற பணத்தை 2025 ஜூனில் அனுப்பினோம். அதற்காக நாங்கள் நாடியது சேலத்தில் உள்ள ஒரு பொதுத்துறை வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளை. 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஐந்து முறை அந்தக் கிளைக்குப் போய்வந்த பிறகு, அதன் சேவையைப் பற்றி எழுதலாம் என்ற தகுதி எனக்கு வந்துவிட்டதாக நினைக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனை விற்பனை தாமதமாகும் போலிருந்த நாட்களில், தோட்டத்தின் மீது கடன் வாங்கி அதையே அனுப்பலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். இந்தியாவில் வசிப்பவர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் வெளிநாட்டுச் சொத்து வாங்குவது போன்ற மூலதனச் செலவுக்கு வங்கிகள் எந்த வகைக் கடனும் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி என்று அவர் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டி மறுத்தார். கடன் கொடுக்கத் துடிக்கும் காலத்தில் இப்படி மறுத்த மனிதர்மேல் மரியாதை கூடியது. என் மனைவிக்கு அங்கே கணக்குத் தொடங்கி எட்டு மாதமே ஆகியிருந்ததால், ஓராண்டு நிறையாத வாடிக்கையாளர் என்று சொல்லி முந்தைய வங்கியின் ஓராண்டுக் கணக்கு அறிக்கையைக் கேட்டார்கள். அதுவும் விதிப்படி சரியானதுதான்.

இந்தத் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். திர்ஹாமின் மதிப்பு டாலருக்கு 3.6725 என்று நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால் கணக்குப் போடுவது எளிது: 9 லட்சம் திர்ஹாம் 2,45,065 டாலர் ஆகிறது. நான் ஒருவனே அனுப்பிவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் துபாய் நிலத்துறைக்குக் கட்ட வேண்டிய 4 சதவீதப் பதிவுக் கட்டணத்தைச் சேர்த்தால் தொகை 2,54,867 டாலராகி வரம்பைத் தாண்டிவிடுகிறது. கணவன் மனைவி போன்ற உறவினர்கள் தத்தம் வரம்பிலிருந்து அனுப்பும் தொகைகளைச் சேர்த்து ஒரே சொத்தை வாங்கலாம் என்பதைக் கிளை அதிகாரியே எடுத்துச் சொல்லி, இருவர் பெயரிலும் சரிபாதியாக, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவத்தைத் தயாரித்துக் கொடுத்தார். ஆடிட்டர்கூட அதுவரை அதை யோசித்திருக்கவில்லை.

குறை சொல்ல வேண்டிய இடம், பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் டி.சி.எஸ். வரி. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பப்படும் தொகையில், சொத்து வாங்குவது போன்ற நோக்கங்களுக்கு 20 சதவீதத்தை வங்கி பிடித்து வருமான வரித்துறையிடம் செலுத்த வேண்டும். தலா ஏறத்தாழ 1.1 கோடி ரூபாய் என்றால், ஆளுக்கு 20 லட்சம், இருவருக்குமாக 40 லட்சம். வீட்டு விலையில் சேராத இந்த 40 லட்சத்தை அதற்கு மேல் தனியாகக் கையில் வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டு சந்திப்புகளிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாத அதிகாரி, துபாயில் 30 நாள் கெடுவோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்ட பிறகு, மூன்றாவது சந்திப்பில், ஏதோ தபால் செலவைச் சொல்வது போல இதைச் சொன்னார். வேறு வங்கியில் இருந்த வைப்புத் தொகைகளை முதிர்வுக்கு முன்பே உடைத்து அந்தப் பணத்தைத் திரட்டினோம். வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் கெடுவை நீட்டிக் கேட்டிருப்போம்.

இந்தத் தொகை தொலைந்துபோவதில்லை. ஆண்டு வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சியதைத் திரும்பப் பெறலாம். மனை விற்ற ஆதாயத்துக்கான வரியில் இதன் பெரும்பகுதி கழிந்துவிடும் என்பதால் இந்த ஆண்டு முன்கூட்டிய வரி பற்றிய கவலை இல்லை. ஆனால் மனை விற்காமல், சேமிப்பிலிருந்து மட்டும் அனுப்பும் தோட்டக்காரர் ஒருவரை நினைத்துப் பார்க்கிறேன். காப்பியைப் பயிரிட்டுப் பதப்படுத்தி விற்பவரின் வருமானத்தில் 25 சதவீதமே வரிக்கு உட்பட்டது, மற்றது விவசாய வருமானம். கழித்துக்கொள்ளப் போதிய வரி இல்லாத அவர், ஏப்ரலிலோ ஜூனிலோ பணம் அனுப்பினால் அந்த 20 சதவீதத்துக்காக அடுத்த ஆண்டு வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் காலம் வரை காத்திருக்க வேண்டும். அதையே மார்ச்சில் அனுப்பியிருந்தால் சில மாதங்களில் கேட்டுப் பெறலாம். மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று பிரித்தால் 10 லட்சம் விலக்கும் இரண்டு முறை கிடைக்கும்.

இதற்கு அடுத்து எங்களுக்கு அதிகம் செலவு வைத்திருக்கக் கூடியது மாற்று விகிதம். கட்டணம் என்று அவர்கள் சீட்டில் எழுதிக் காட்டிய தொகை அற்பமானது. அந்நியச் செலாவணி மாற்றத்துக்கான ஜி.எஸ்.டி.கூட 1.1 கோடி ரூபாய்க்கு 2,790 ரூபாய்தான். ஆனால் முதலில் சொன்ன கார்டு ரேட், அதாவது எல்லோருக்கும் பொதுவாக வங்கி அறிவிக்கும் விகிதம், அன்றைய சந்தை விகிதத்தைவிட டாலருக்கு ஒரு ரூபாய் 10 காசு கூடுதலாக இருந்தது. இவ்வளவு பெரிய தொகைக்குத் தலைமையகத்தின் கருவூலப் பிரிவிடம் தனி விகிதம் கேட்கலாம் என்று மகள் தொலைபேசியில் சொன்ன பிறகு, நான் கேட்டேன். அதிகாரி முகம் சுளிக்காமல் உடனே பேசி, 35 காசு வித்தியாசத்துக்கு இறக்கிக் கொடுத்தார். அந்த 75 காசில் எங்களுக்கு மிஞ்சியது ஏறத்தாழ 1.9 லட்சம் ரூபாய். கேட்பவருக்கு ஒரு விலை, கேளாதவருக்கு ஒரு விலை என்பது செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் பொருந்தலாம், வங்கிக்கு அழகல்ல.

காகித வேலையில் ஒரு தடங்கல் வந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தின் வரி நிலை பற்றிய 15சிஏ உறுதிமொழிப் படிவமும் 15சிபி ஆடிட்டர் சான்றிதழும் இல்லாமல் அனுப்ப முடியாது என்றார்கள். வெளிநாட்டு மனை முதலீட்டுக்கான எஸ்0005 நோக்கக் குறியீடு, வருமான வரி விதி 37பிபியின் விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது என்று ஆடிட்டர் கடிதம் கொடுத்தார். கிளை தன் சென்னை அலுவலகத்தைக் கேட்டு மறுநாளே ஒப்புக்கொண்டது.

என் பங்கு ஒரு வியாழக்கிழமை மாலை கிளம்பித் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. 2022 முதல் அங்கே சனியும் ஞாயிறும்தான் வார விடுமுறை, வெள்ளி அரை நாள் என்பதால் அந்தத் தாமதத்தில் குற்றம் இல்லை. ஆனால் இடைவழி வங்கியின் கட்டணத்தை அனுப்புநரே ஏற்பதாகக் குறிக்காமல் பகிர்வு என்று குறித்துவிட்டதால் 25 டாலர் குறைந்துபோய், கட்டுமான நிறுவனம் ரசீது தராமல் நிறுத்தியது. அந்தச் சில்லறையை மகள்தான் அங்கே கட்டித் தீர்த்தாள். மனைவியின் பங்கை அடுத்த வாரம் அனுப்பியபோது அந்தக் கட்டத்தை நானே பார்த்துச் சரியாகக் குறிக்கச் சொன்னேன். அப்போது அதிகாரி செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும்: மின்னஞ்சலில் வந்த கணக்கு எண்ணை நம்பாமல், மகளைத் தொலைபேசியில் அழைத்து, ஏ.இ. என்ற எழுத்துகளோடு தொடங்கி, அவற்றையும் சேர்த்து 23 இடங்கள் கொண்ட ஐபேன் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணை நிறுவனத்தின் அலுவலகத்திலேயே நேரில் கேட்டுச் சரிபார்க்க வைத்தார். கணக்கு எண்ணை மாற்றி அனுப்பும் மின்னஞ்சல் மோசடிகளைப் பார்த்தவர் போலும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மனிதர்கள் நேர்மையானவர்கள், விதியறிந்தவர்கள்; கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் சொல்வதில்லை. ஆண்டு வரிக்கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இந்த வீட்டைக் காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரக்கூடும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. அது வங்கியின் வேலையும் அல்ல என்று விட்டுவிடலாம். வரி பிடித்ததற்கான 27டி சான்றிதழ் அவர்கள் வேலைதான். என்னுடையது ஜூலை இறுதியில் வந்துவிட்டது. மனைவியினுடையது இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் உரம் வாங்கச் சேலம் இறங்கும்போது கேட்க வேண்டும்.