600 ரிங்கிட்டுக்கு வந்த தவறான கொள்ளுத்தாத்தா

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களை 'தொரை வீட்டு ஆளுங்க' என்று கிண்டல் செய்யும் கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். அம்மாவின் தாத்தா ரப்பர் தோட்டத்தில் சின்னத் துரையாக, அதாவது உதவி மேலாளராக, இருந்த வெள்ளைக்காரர். அவர் விட்டுப்போனது ஒரு ஜெபப் புத்தகம். முதல் தாளில் அவர் பெயர், அவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், கீழே 'டென்ட், யார்க்ஸ்', அதாவது இங்கிலாந்தின் யார்க்ஷயரில் டென்ட் என்ற ஊர். அவ்வளவுதான்.

மகள் பேச்சைக் கேட்டு, வம்சாவளி தேடித் தரும் ஓர் இணையத்தளத்துக்கு ஆறு மாதச் சந்தா கட்டினேன். ஏறக்குறைய 600 ரிங்கிட். தையல் கடைக்காரிக்கு அது தீபாவளி நேரத்தில் ராத்திரி முழுக்க ரவிக்கை தைத்த காசு.

நல்லதை முதலில் சொல்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களின் படங்கள் அருமை. 1891 தாளில் ஆறு வயதுப் பையன்; 1901-இல் வேறொரு பண்ணையில் வேலையாள். அந்த வட்டாரத்தில் பண்ணை வேலைக்காரர்களைச் சந்தையில் வைத்தே ஆறு மாதத்துக்குப் பேசி அமர்த்துவார்களாம். படித்ததும் கங்காணி ஞாபகம்தான் வந்தது. அம்மாவிடம் தாளைக் காட்டினேன். "எத்தனை ஆடு வச்சிருந்தாங்க?" என்றார். அதை மட்டும் எழுதவில்லை.

இனி குறைகள். 'டென்ட்' என்று தட்டினால் தளம் இன்றைய யார்க்ஷயரைச் சுற்றிச் சுற்றி வந்தது. அந்த ஊரோ 1974-இல் கம்பிரியா என்ற வேறு கவுன்ட்டிக்குப் போய்விட்டது; 2023-இல் கம்பிரியாவையும் பிரித்ததில், இப்போது வெஸ்ட்மோர்லண்ட் அண்ட் ஃபர்னஸ் நிர்வாகத்தில் இருக்கிறது. பழைய பிறப்பு இறப்புப் பதிவிலோ செட்பர் மாவட்டம். தோட்டத்தைத் துண்டாடி விற்ற பிறகு நம் பழைய லயத்து வீடு யார் நிலத்தில் இருக்கிறது என்று தேடுவோமே, அந்தக் கதைதான். இதைத் தளம் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

பெரிய கோளாறு அப்புறம்தான். 'இவர்தான் உங்கள் மூதாதையர்' என்று தளம் தானாகவே ஒரு ஞானஸ்நானப் பதிவை ஒட்டி, அங்கிருந்து 1700-கள் வரை ஏணி போட்டது. நானும் பெரியம்மா பிள்ளைகளுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பீற்றிக்கொண்டேன். டென்டில் அதே வயதில், அதே பெயரில் இரண்டு பையன்கள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. தளம் காட்டியவன் மூன்று வயதில் செத்துப்போனவன். செத்த பிள்ளை எப்படிச் சின்னத் துரையாக வந்து பால்மரக் கணக்குப் பார்க்கும்?

இதைக் காட்டிக்கொடுத்தது இலவச வசதி. இங்கிலாந்தின் பொதுப் பதிவாளர் அலுவலகத்து இணைய அட்டவணையில் நாம் கணக்குத் தொடங்கினால் சும்மாவே தேடலாம், சான்றிதழுக்குத்தான் காசு. அரசே பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கிய 1837-இலிருந்தே பிறப்புக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இறப்புக்கு வயதும் போட்டிருக்கிறார்கள். ஜெபப் புத்தகத்துப் பெயரை அதோடு ஒப்பிட்டேன், கால் மணி நேரத்தில் சரியான பையன் கிடைத்தான். தளத்துக்குப் புகார் எழுதினேன். பதினோரு நாள் கழித்து, எல்லோருக்கும் அனுப்பும் அதே பதில்.

தேடப் போகிறவர்களுக்கு: பிறப்பு, திருமண, இறப்பு அட்டவணைகளைத் தொண்டர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் ஃப்ரீபிஎம்டி, அப்புறம் வம்சாவளித் தளமான ஃபேமிலிசர்ச், இரண்டும் இலவசம். அவற்றை முடித்துவிட்டு, படங்களுக்காக மட்டும் ஒரு மாதச் சந்தா போதும். 1841 கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதியிருப்பார்கள், அதை நம்பிப் பிறந்த வருடத்தைக் கணக்குப் போடாதீர்கள். 1931-இன் தாள்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், 1942-இல் தீயில் போய்விட்டன.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அந்த இரண்டும் படங்களுக்கு. சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அட்டையிலிருந்து மறுபடி பிடிப்பதற்கு முன் ரத்து செய்துவிடுங்கள். நான் ஒரு நாள் தாமதம்.