18,500 ரூபாய்க்கு வாங்கிய வால்வு ரேடியோ: தயவுசெய்து ஏமாறாதீர்கள்

கண்ணாடிக் குழாய் வால்வுகளால் இயங்கும் பழைய வால்வு ரேடியோ ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள். ஒன்பது நாள்களுக்கு முன்பு என் வீட்டு வாசலில் வந்து இறங்கிய ஒரு பார்சலுக்காக நான் 18,500 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். மனம் இன்னும் ஆறவில்லை. ஆறும்வரை காத்திருந்தால் அதே ஆள் அதே படங்களைக் காட்டி இன்னொருவரிடம் பணம் வாங்கியிருப்பார் என்பதால் இன்றே எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. பழைய பொருள்களை விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் ஒரு கைப்பேசிச் செயலி, அதில் பழம்பொருள் கடை என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டிருந்த ஒரு வெளியூர் வியாபாரி; இவ்வளவு தெரிந்தால் போதும். எதைப் பார்த்து நம்பினேன், எதைப் பார்த்திருக்க வேண்டும் என்ற இரண்டையும் சொல்கிறேன்.

எனக்கு வயது 66. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரக் கிராமம் ஒன்றில் வளர்ந்தவன். தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்த என் அப்பா 1966இல் ஒரு பிலிப்ஸ் வால்வு ரேடியோ வாங்கினார். தேக்கு நிறத்தில் மரப்பெட்டி, முன்பக்கம் தங்க நிறச் சரிகைத் துணி, கீழே ஊர்ப் பெயர்கள் அச்சிட்ட கண்ணாடி டயல், மூலையில், நிலையம் பிடிபட்டதைக் காட்டப் பச்சையாக ஒளிரும் மேஜிக் ஐ. குமிழைத் திருகினால் உடனே பாடாது. முதலில் டயல் விளக்கு எரியும்; பிறகு அரை நிமிடம்போல ஒன்றும் நடக்காது; வால்வுகள் சூடேறச் சூடேற ஒரு மெல்லிய இரைச்சல் கிளம்பி, அதற்குள்ளிருந்து குரல் எழும்பி வரும். அந்த அரை நிமிடம் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். கடலுக்கு அந்தப் பக்கம்தான் இலங்கை என்பதால் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை எங்களுக்குப் பக்கத்து வீட்டில் பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்கும். காலையில் "பொங்கும் பூம்புனல்", மாலையில் திருச்சி நிலையத்துச் செய்தி. ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுக்கு 15 ரூபாய் கட்டிப் புதுப்பித்த உரிமப் புத்தகம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதில் அப்பாவின் கையெழுத்தும் இருக்கிறது.

1977 நவம்பர் 11ஆம் தேதி மாலை அந்த ரேடியோவில்தான் புயல் எச்சரிக்கையைக் கேட்டோம். 12ஆம் தேதி விடிவதற்குள் புயல் கரையைக் கடந்துவிட்டது. ஓடு பறந்துபோன கூடத்தில், விடிய விடிய மழையில் நனைந்த ரேடியோவைப் பாயால் மூடியபடி அப்பா நின்றிருந்த காட்சி என் கண்ணைவிட்டு இன்றும் அகலவில்லை. பெட்டி ஊதிப் பிளந்துவிட்டது, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் டிரான்சிஸ்டர்தான். இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரியான நினைவை வைத்துக்கொண்டு தேடுகிற ஆளைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள்.

சென்ற மாதம் அந்தச் செயலியில் ஒரு படம் கண்ணில் பட்டது. அதே சரிகைத் துணி, அதே இடத்தில் பச்சைக் கண், டயலில் மீடியம் வேவுக்கு ஒரு வரிசையும் ஷார்ட் வேவுக்கு இரண்டு வரிசையும். "1960களின் அசல் பிலிப்ஸ் வால்வு ரேடியோ, நன்றாகப் பாடும் நிலையில்" என்று போட்டு 22,000 ரூபாய் கேட்டிருந்தார். தொலைபேசியில் அழைத்தேன். அவர் பேசிய விதத்தை நினைத்தால் இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. விலையைப் பற்றி முதலில் பேசவே இல்லை. "ஐயா, உங்க வீட்ல எந்த செட்டு இருந்துச்சு?" என்று கேட்டார். நான் அப்பாவைப் பற்றியும் புயலைப் பற்றியும் சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தம் தாத்தாவும் ரேடியோ மெக்கானிக் என்றும், இது ஒரு செட்டிநாட்டு வீட்டில் துணி போர்த்தி வைத்திருந்த பெட்டி என்றும், என்னைப் போன்ற ஒருவரிடம் போய்ச் சேர்ந்தால் தமக்கும் நிறைவு என்றும் சொன்னார். பிறகு அவராகவே 18,500 ரூபாய்க்கு இறங்கினார். என் கதையைக் கேட்டு மனம் இளகித்தான் 3,500 ரூபாய் குறைத்தார் என்று நம்பினேன். நான் ஏமாந்த இடம் அதுதான்.

ஒரு காணொளியும் அனுப்பினார். ரேடியோ அருமையாகப் பாடியது, பச்சைக் கண் ஒளிர்ந்தது, பின்பலகையைக் கழற்றி உள்ளே வரிசையாக நின்ற வால்வுகளையும் காட்டினார். இன்று அதே காணொளியை இருபது முறையாவது திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். அது தொடங்கும்போதே ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தி மறுபடி போட்டுக் காட்டவில்லை. குமிழைத் திருப்பி இன்னொரு நிலையத்துக்குப் போகவும் இல்லை. 1960களின் பெட்டியிலிருந்து கரகரப்பே இல்லாமல் ஒரு பாட்டு வருகிறதே என்ற சந்தேகம் எனக்கு அப்போது எழவில்லை. செயலியின் வழியாகக் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள் என்று அவர் சொன்னதால், 18,500 ரூபாயையும் யுபிஐ மூலம் நேரடியாக அனுப்பினேன். லாரி பார்சல் கூலி 650 ரூபாயும் என் தலையில்தான்.

பார்சல் ரசீதில் பேக்கிங்கோடு சேர்த்து எடை ஐந்து கிலோ என்று எழுதியிருந்தது. என் அப்பாவின் ரேடியோவை அலமாரியிலிருந்து இறக்க வளர்ந்த ஆள் ஒருவர் இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டும். இதை நான் ஒரு கையால் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

நெடுநாள் ஓடாமல் கிடந்த வால்வு செட்டை நேரடியாக மின்சாரத்தில் மாட்டக்கூடாது, உள்ளே இருக்கும் பழைய கண்டென்சர்கள் (மின்தேக்கிகள்) வெடித்துவிடும் என்று தெரிந்திருந்ததால், 60 வாட் குண்டு பல்பின் வழியாகவே செட்டுக்கு மின்சாரம் போகும் சீரியஸ் போர்டு ஒன்றை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தேன். ஐம்பது வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும் அந்தக் கால செட்டை அதில் மாட்டினால் பல்பு மங்கலாகவாவது எரிந்தே தீரும். இங்கே பல்பின் இழைகூடச் சிவக்கவில்லை. ஆனால் ரேடியோ பாடியது, அதுவும் குமிழைத் திருகிய நொடியிலேயே. நாற்பத்தெட்டு ஆண்டுகளாக நான் காத்திருந்த அந்த அரை நிமிடம் வரவே இல்லை.

டயல் குமிழைத் திருப்பினேன். முள் நகர்ந்தது, பாட்டு மாறவில்லை. முள்ளை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஓட்டினேன். அதே பண்பலை நிலையத்தின் அதே விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைக் கண்ணில் அசைவே இல்லை. உண்மையான மேஜிக் ஐ, நிலையம் சரியாகப் பிடிபடப் பிடிபட அதன் நடுவே உள்ள நிழல் ஒடுங்கி, விலகினால் மறுபடி விரியும். டயலில் இல்லாத பண்பலை எப்படி வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் புளூடூத் தயார் என்று அறிவித்தது. என் மனைவியும் பேரனும் பக்கத்தில் நின்றிருந்தார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் தஞ்சாவூரில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் எடுத்துப்போனேன். எண்பதை நெருங்குகிறவர், வால்வு செட் பழுதுபார்த்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். பாகங்களெல்லாம் பொருத்தியிருக்கும் உலோகத் தட்டான சேசிஸைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டார். அடியில் ஒயரெல்லாம் கட்டிங் பிளேயரால் வெட்டப்பட்டிருந்தது. குமிழைத் திருப்பும்போது நிலையத்தை மாற்றும் கேங் கண்டென்சர் இல்லை, பிடித்த நிலையத்தை மட்டும் பிரித்தெடுக்கும் ஐஎஃப் காயில்கள் இல்லை, மெயின் டிரான்ஸ்ஃபார்மரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை. செப்புக் கம்பிக்காக எடைக்குப் போட்டிருப்பார்கள் என்றார். அவற்றின் இடத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு புளூடூத், பண்பலைப் பலகை, பன்னிரண்டு வோல்ட் அடாப்டர், பசைத் துப்பாக்கியால் ஒட்டிய ஒரு புதிய ஸ்பீக்கர். மேஜிக் ஐ வால்வுக்குப் பின்னால் ஒரு பச்சை எல்இடி.

வால்வுகள் மட்டும் சாக்கெட்டில் நின்றிருந்தன. அவர் ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற ஈஎல் 84 வால்வு அது. நல்ல வால்வின் உச்சியில், கண்ணாடிக்கு உட்புறம், ரசம் பூசிய கண்ணாடிபோல வெள்ளித் திட்டு ஒன்று பளபளக்கும்; உள்ளே காற்று புகுந்துவிட்டால் அந்தத் திட்டு பால்போல வெளுத்துவிடும். இதன் உச்சி முழுக்க வெளுத்திருந்தது. ஐந்தில் மூன்று அப்படித்தான். "செத்த வால்வத் தொடச்சி நட்டு வச்சிருக்கான் தம்பி" என்றார். பிறகு அவர் சொன்னதுதான் என்னை இன்னும் வாட்டுகிறது. பெட்டி அசல், டயல் அசல், சேசிஸும் அசல். உள்ளே கை வைக்காமல் வந்திருந்தால் நான்கைந்து கண்டென்சரையும் ஒன்றிரண்டு வால்வையும் மாற்றிப் பாடவைத்திருப்பேன் என்றார். அறுபது ஆண்டு தப்பிப் பிழைத்த ஒரு ரேடியோவின் குடலை உருவி, அதன் தோலை மட்டும் 18,500 ரூபாய்க்கு எனக்கு விற்றிருக்கிறார்கள். பணம் போன கோபத்தைவிட இந்தக் கோபம் பெரியது.

அன்று மாலையே வியாபாரியை அழைத்தேன். லாரியில் குலுங்கியிருக்கும் என்றார். குலுங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் காணாமல் போகுமா என்று கேட்டேன். பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். மறுநாள், இப்போது மீடியம் வேவை யாரும் கேட்பதில்லை, எல்லோரும் இப்படி மாற்றித்தான் வாங்குகிறார்கள் என்றார். அதற்கடுத்த நாள், "பாடும் நிலையில்னுதானே ஐயா போட்ருக்கேன், பாடுதா இல்லையா?" என்று கேட்டார். என் அப்பாவின் கதையை அவ்வளவு பொறுமையாகக் கேட்ட அதே குரல். பாதிப் பணமாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டதற்கு, பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்று செய்தி அனுப்பினார். நான்காம் நாள் என் எண்ணை முடக்கிவிட்டார். விளம்பரம் மட்டும் புதிய படத்தோடு மறுபடியும் வந்திருக்கிறது.

செயலியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். பணம் தங்கள் வழியாகக் கைமாறாததால் இதில் தலையிட இயலாது என்று ஒரே பதில் மூன்று முறை வந்தது; மூன்றிலும் என் பெயர்கூடத் தவறாக இருந்தது. வங்கியில், நீங்களே ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பிய பணம் என்றார்கள். காவல் நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, பொருள் வந்துவிட்டதல்லவா, இது வியாபாரத் தகராறு என்றார்கள். ஒவ்வொரு இடத்திலும் 18,500 என்று எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து அந்த எண்ணைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. ஓய்வூதியத்தில் மாதாமாதம் எடுத்துவைத்துச் சேர்த்த பணம் அது.

விரிவாக யோசனை சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. ரேடியோ அணைந்து, வால்வுகள் ஆறிய நிலையிலிருந்து போட்டுக் காட்டச் சொல்லி, நேரலைக் காணொளியில் பாருங்கள். உடனே பாடினால் அது வால்வு ரேடியோ அல்ல. முள்ளை நகர்த்தி மீடியம் வேவில் இரண்டு நிலையங்களையாவது பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். சேசிஸின் அடிப்பக்கப் படத்தைக் கேளுங்கள். வால்வு தெரியும் மேல்பக்கப் படம் மட்டும் அனுப்புகிறவரிடம் வாங்காதீர்கள். எடையைக் கேளுங்கள். எக்காரணம் கொண்டும் செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். பாடாத செட் என்று ஒளிக்காமல் சொல்லிக் குறைந்த விலைக்குத் தருகிறவரிடம் வாங்குவதே மேல். அதைப் பாடவைக்கிற பெரியவர்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விளம்பரப் படம், உரையாடல், பணம் அனுப்பிய சான்று ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள், நானும் செய்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

அந்த மெக்கானிக் கழற்றிப் போட்ட ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதே பெட்டியும் அதே பச்சைக் கண்ணும் உள்ள விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டால், பணம் அனுப்பும் முன் எனக்கு எழுதுங்கள், படங்களை அனுப்பிவைக்கிறேன்.