பழைய டீசல் எஸ்.யூ.வி.: அணைக்கும்போதும் காது கொடுங்கள்

கியர் பாக்ஸை இறக்கி, பிளைவீலும் (எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்) கிளட்சும் புதிதாகப் போட்டு, வண்டி போன வாரம்தான் வீட்டுக்கு வந்தது. பில் அரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் ஏழு பேர் உட்காரும் இந்த வண்டி எனக்குச் செய்த நல்லதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

முதலில் கோபம். டீசல் எஞ்சினுக்கு உதறல் அதிகம். அந்த உதறல் கியர் பாக்ஸுக்குள் போகாமல் இருப்பதற்காக, இப்போதைய டீசல் வண்டிகள் பலவற்றில் பிளைவீலை இரண்டு தட்டுகளாகச் செய்து நடுவே ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். டூயல் மாஸ் பிளைவீல் என்பது இதுதான். ஸ்பிரிங் திடமாக இருக்கும்வரை வண்டி ஓடுவதே தெரியாது. தளர்ந்துவிட்டால் அதன் முதல் அறிகுறி வண்டி ஓடும்போது வராது, அணைக்கும்போது வரும். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சட்டென்று அடங்காமல், அடியில் இரும்போடு இரும்பு மோதுவதுபோல் இரண்டு மூன்று தட்டு தட்டிவிட்டு நிற்கும். என் வண்டியில் அப்படித்தான் தொடங்கியது. அடுத்து முதல் கியரில் நகரும்போது வண்டி முழுக்க ஒரு குலுக்கல். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் ஸ்டார்ட் செய்யும் சத்தத்தைக் கேட்கிறார்கள். அணைக்கும் சத்தத்தைக் கேட்பவர் அரிது.

கழற்றிய பிளைவீலை மெக்கானிக் தரையில் வைத்து, ஒரு தட்டைக் காலால் அழுத்திக்கொண்டு மற்றதைக் கையால் திருப்பினார். எதிர்ப்பே இல்லாமல் இப்படியும் அப்படியும் ஆடியது. ஓரத்தில் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தது. உள்ளே இருக்க வேண்டிய கிரீஸ் கருகி வெளியே தெறித்து ஒட்டியிருந்தது. “சார், இது அரை கிளட்சில் நின்ற வண்டி” என்றார். எங்கள் வேலூரில், காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் மாலை நெரிசலில் கிளட்சைப் பாதி மிதித்தபடி நிற்பவர்களுக்கும், கிரீன் சர்க்கிளை அங்குலம் அங்குலமாகக் கடப்பவர்களுக்கும் அவர் சொன்னது புரியும். ஒற்றைத் தட்டு பிளைவீல் போட்டால் செலவு குறையும் என்று இன்னொருவர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. ஸ்பிரிங் தாங்கிய உதறலை அதன்பிறகு கியர் பாக்ஸ் அல்லவா தாங்க வேண்டும்?

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே குடியாத்தம் நண்பர் ஒருவர் கேட்டார்: பழைய டீசல் வண்டி ஒன்று அமைந்திருக்கிறது, எதைப் பார்க்க வேண்டும்? அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் குழாயைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், நாளைக் காலை வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் இது இரட்டிப்பு முக்கியம். குளிரில் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றித் தரும் குளோ பிளக் செத்திருந்தாலும், சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரெஷன் குறைந்திருந்தாலும், வெயில் காலத்தில் வண்டி ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடும். மார்கழி விடியற்காலையிலோ, ஏலகிரியில் ஒரு இரவு நிறுத்திய பிறகோதான் அதன் குட்டு வெளிப்படும். ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையோ, எஞ்சினின் தலைப்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகப்படலாம். எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள்; குபுகுபுவென்று காற்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

இன்ஜெக்டருக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடிப்பார்கள். எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட விரைவாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. விற்பவர் முகம் சுளித்தாலும் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

நண்பர் பார்த்தது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ். 6 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டி. அதில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கும். அந்தக் கரியை எரித்துத் தள்ள, வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். சத்துவாச்சாரியிலிருந்து கோட்டை வரைக்கும் மட்டுமே ஓடிய வண்டியில் அந்த எரிப்பு பாதியிலேயே நின்றுபோகும். எரிப்பதற்காகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு ஆயிலில் கலந்துவிடும். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். மேல் அளவுக் குறியையும் தாண்டி ஆயில் நின்று, டீசல் வாடையும் அடித்தால், அந்த வண்டி நகருக்குள்ளேயே உழன்றிருக்கிறது என்று பொருள்.

டர்போ குழாய்க்குள் ஆயில் தேங்கியிருக்கிறதா, கூலண்டில் எண்ணெய் மிதக்கிறதா, லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கிறதா என்பதையெல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொள்வார். ஏ.சி.யைப் போட்டு, நின்ற இடத்திலேயே கால்மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, வெப்ப முள் ஏறுகிறதா என்று மட்டும் நீங்களே கவனியுங்கள். சென்னையில் சல்லிசாகக் கிடைக்கிறது என்று சொன்னால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே எத்தனையோ வண்டிகள் வெள்ளத்தில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரிந்துவிடும்.

இப்போது நல்லது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும், ஏழு பேரும் சாமான்களும் ஏ.சி.யுமாக, இந்த வண்டி திணறாமல் ஏறுகிறது. வளைவில் இரண்டாம் கியர், நிமிர்ந்ததும் மூன்றாம் கியர். ஆக்சிலரேட்டரை மிதிக்கவே வேண்டாம், தொட்டால் போதும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் போகும் வழியில், மழையில் அரித்துப்போன தார்ச்சாலையில், பின் இருக்கையில் இருந்த என் அம்மா தூங்கிக்கொண்டே வந்தார். பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவைத் தாண்டிவிட்டால் இதற்கு இணையாக நான் ஓட்டிய வண்டி வேறில்லை. இதை மனதாரச் சொல்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும், வாங்கலாமா என்று கேட்டால் இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். வாரத்தில் ஆறு நாள் நகருக்குள் ஓட்டிவிட்டு ஏழாம் நாள் மலைக்குப் போகிறவருக்கு இந்த எஞ்சினின் அருமை அந்த ஒரு நாள்தான் கிடைக்கும். தேய்மானம் ஏழு நாளும் நடக்கும். நான் என் வண்டியை விற்கப் போவதில்லை, அது வேறு விஷயம். நண்பர் அதே வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். அப்படியானால் பிளைவீல், கிளட்ச் இரண்டுக்கும் ஆகும் தொகையைப் பேசிய விலையிலிருந்து முதலில் கழித்துவிட்டு, அதற்குப் பிறகு பேரத்தைத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.