எடை குறையும்போது மார்பகம்: உணவுக் கட்டுப்பாடு, நடையோட்டம், பளுப்பயிற்சி ஓர் ஒப்பீடு

எடையைக் குறைக்க முடிவெடுக்கும் பெண்கள் பலர் தோழியிடம்கூட வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. வயிறும் இடுப்பும் கரைவதற்கு முன்னால் மார்பு வற்றிவிடுமோ என்பதுதான் அது. இதற்கு நேர் எதிரான கேள்வியும் அதே அளவு வலியோடு கேட்கப்படுகிறது. மார்பின் கனத்தால் தோள்பட்டையில் பள்ளம் விழுந்து, கழுத்தும் முதுகும் ஓயாமல் வலிக்கும் பெண்கள், ஓடினால் அல்லது பட்டினி கிடந்தால் இந்தப் பாரம் குறையுமா என்று அறிய விரும்புகிறார்கள். சிங்கப்பூரில் இவ்விருவருக்கும் முன்னால் இருக்கும் வழிகள் பெரும்பாலும் மூன்றுதான்: சோற்றைக் குறைப்பது, பூங்கா இணைப்புப் பாதையில் நடப்பது அல்லது ஓடுவது, ஆக்டிவ்எஸ்ஜி என்ற பொது உடற்பயிற்சிக் கூடத்தில் பளு தூக்குவது. இவற்றை மார்பகம் என்ற ஒன்றை மட்டும் கருத்தில் கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ஏனென்றால் இடுப்புக்குப் பொருந்தும் கணக்கு எல்லாம் இங்கே அப்படியே பொருந்துவதில்லை.

முதலில் உறுப்பின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். மார்பகத்துக்குள் தசை கிடையாது. பால் சுரப்பிகள், அவற்றைச் சூழ்ந்த கொழுப்பு, இரண்டையும் தோலோடும் நெஞ்சுச் சுவரோடும் பிணைத்து வைத்திருக்கும் நார்த்திசு ஆகியவற்றால் ஆனது அது. இந்த நார்களை 19ஆம் நூற்றாண்டில் விரிவாக விளக்கிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. சுரப்பிக்கும் கொழுப்புக்கும் உள்ள விகிதம் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். இளம் வயதில் சுரப்பித் திசு கூடுதலாக இருப்பதும், மாதவிடாய் நின்ற பிறகு அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்வதும் பொதுவான போக்கு. எடை குறையும்போது கரைவது கொழுப்புதான் என்பதால், கொழுப்பு மிகுந்த மார்பகம் கண்கூடாகச் சிறுக்கும். சுரப்பி மிகுந்த மார்பகம் அவ்வளவாகச் சிறுக்காது. ஒரே அளவு எடையைக் குறைத்த அக்கா தங்கை இருவரில் ஒருவருக்கு உள்ளாடை தொளதொளத்துப் போவதும் மற்றவருக்கு ஒன்றுமே மாறாததும் இதனால்தான். எந்த இடத்துக் கொழுப்பு முதலில் போக வேண்டும் என்பதை எந்த உணவும் எந்தப் பயிற்சியும் தீர்மானிப்பதில்லை. பரம்பரையும் வயதும் ஹார்மோன்களுமே அதைத் தீர்மானிக்கின்றன. எனவே மூன்று வழிகளில் எது மார்பைக் காப்பாற்றும், எது கரைக்கும் என்று கேட்பதைவிட, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகத்தில் எடையை இறக்குகிறது, எதை மிச்சம் வைக்கிறது என்று கேட்பதே சரி.

உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பும் வழியில் தராசு முள் விரைவாக இறங்கும். அந்த விரைவே அதன் குறையும்கூட. காலையில் பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு தே ஓ கொசோங், மதியம் சில துண்டுப் பழம், இரவு ஒன்றுமில்லை என்று ஓட்டும் பெண் கொழுப்பை மட்டும் இழப்பதில்லை. தசையையும் சேர்த்தே இழக்கிறார். மிக விரைவாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கற்கள் உருவாகும் அபாயமும் கூடுகிறது. உடலுக்குத் தேவையான ஆற்றல் நீண்ட காலம் கிடைக்காமல் போனால் மாதவிடாய் தப்பும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பும் பலவீனப்படும். உள்ளே இருந்த கொழுப்பு திடீரென்று வெளியேறும்போது, விரிந்திருந்த தோல் அதே அளவுக்குச் சுருங்கிக்கொள்ளும் என்பதற்கும் உறுதியில்லை. மார்பு தொய்வதற்கான காரணங்களைப் பற்றி அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. வயது, பெருமளவு எடையிழப்பு, கூடுதல் உடல் எடை, மார்பகத்தின் பெரிய அளவு, கருவுற்ற தடவைகள், புகைப்பழக்கம் ஆகியவை காரணங்களாக அதில் தெரியவந்தன. தாய்ப்பால் கொடுத்தது காரணமாகத் தெரியவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்ததால்தான் தன் மார்பு தளர்ந்துவிட்டது என்று நம்பி வருந்தும் தாய்மார்களும், அந்தப் பயத்தில் சீக்கிரமே புட்டிப்பாலுக்கு மாறும் இளம் தாய்மார்களும் நம்மிடையே இன்றும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நடையும் ஓட்டமும் இதயத்துக்குச் செய்யும் நன்மையை இங்கே விவரிக்கத் தேவையில்லை. மார்பகத்தைப் பொறுத்தவரை, நடை மெதுவாக எடையைக் குறைப்பதால் தோலுக்கு ஈடுகொடுக்கச் சற்று அவகாசம் கிடைக்கிறது. ஓட்டத்தில் வேறொரு சிக்கல் எழுகிறது. ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை; பக்கவாட்டிலும் முன்னும் பின்னுமாகவும் அசைகிறது. தாங்குவதற்கு உள்ளே தசை இல்லாததால் அந்த இழுவை முழுவதையும் தோலும் மெல்லிய நார்களுமே ஏற்கின்றன. கனத்த மார்புள்ள பெண்கள் ஓடுவதை ஒரே வாரத்தில் கைவிடுவதற்குச் சோம்பல் காரணமில்லை, வலிதான் காரணம். இவர்களை அடுத்தவர் ஊக்கமில்லாதவர்கள் என்று பேசுவது அநியாயம். அப்படிப்பட்டவர்களுக்கு நீச்சல் மிகச் சிறந்த மாற்று, ஏனென்றால் நீரே கனத்தைத் தாங்கிக்கொள்கிறது. வீட்டுப் பக்கத்துப் பொது நீச்சல் குளத்தில் உடல் முழுவதும் மறைக்கும் நீச்சலுடை அணிந்து வருவோரை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம் என்பதால், கூச்சம் தடையாக வேண்டியதில்லை. குளத்துக்குப் போக வாய்ப்பில்லாதவர்கள் புளோக் படிக்கட்டில் ஏறலாம். ஏறும்போது அதிர்வு குறைவு, இறங்கும்போது மின்தூக்கியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஓடத்தான் வேண்டும் என்பவர்களுக்கு விளையாட்டு உள்ளாடையின் தேர்வு, காலணியின் தேர்வைவிட முக்கியமானது. 1977இல் அமெரிக்காவில் மூன்று பெண்கள் சேர்ந்து உருவாக்கிய உடுப்பு இது. இன்று கடைகளில் இரண்டு வகை போட்டியிடுகின்றன. மார்பை நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது ஒன்று. ஒவ்வொரு மார்பையும் தனித்தனிக் கிண்ணத்தில் ஏந்திப் பிடிப்பது மற்றொன்று. சிறிய மார்புக்கு முதல் வகை போதும், விலையும் குறைவு. பெரிய மார்புக்கு அது போதாது. அழுத்தம் மட்டும் கூடி, இரண்டு மார்பும் ஒன்றோடொன்று உரசி, நமது புழுக்கத்தில் அடிமடிப்பில் வியர்வை தங்கிப் படை வரும். தனிக் கிண்ணமும், அகலமான தோள்பட்டியும், முதுகில் கொக்கியும் உள்ள இரண்டாம் வகைக்குக் கூடுதல் வெள்ளி செலவழிப்பது தகும் என்பது என் தீர்மானமான கருத்து. கனத்தைச் சுமக்க வேண்டியது மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டை. தோள்பட்டி வெறும் துணைதான். இரு கைகளையும் உயர்த்தும்போது அந்தப் பட்டை மேலே ஏறினால் அது தளர்வு என்று பொருள். துணி உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டில் அதன் நெகிழ்பட்டை சீக்கிரம் வீணாகிவிடும் என்பதால், நிழல் படும் கழியில் போட்டு உலர்த்துவது நல்லது.

பளுப்பயிற்சியைப் பற்றித்தான் மிகையான வாக்குறுதிகளும் தேவையற்ற அச்சங்களும் மிகுதி. மார்பகத்துக்குப் பின்னால், விலா எலும்புகளின் மேல், பெரிய மார்புத் தசை விரிந்து கிடக்கிறது. தண்டால், படுத்தபடி பளுவை நெஞ்சுக்கு மேல் தள்ளுதல் போன்றவை அந்தத் தசையைத் தடிக்கச் செய்யும். மார்பகத்தின் அடித்தளம் சற்றே முன்னுக்கு வரலாம். அதைத் தாண்டி மார்பகம் பெரிதாவதோ தொய்ந்தது மேலே ஏறுவதோ நடக்காது, ஏனென்றால் தொங்கும் பகுதியைத் தாங்குவது தசையன்று. மேலே சொன்ன 2010ஆம் ஆண்டு ஆய்விலும், மேலுடல் பயிற்சி செய்தோர், செய்யாதோர் என்ற வேறுபாடு தொய்வோடு தொடர்புடையதாகத் தெரியவில்லை. அப்படியிருந்தும் மூன்று வழிகளில் இதையே நான் முதலில் வைப்பேன். எடை குறையும் காலத்தில் தசையைக் காப்பாற்றித் தருவது இது ஒன்றுதான். முதுகின் மேற்பகுதியை வலுப்படுத்தும் இழுப்புப் பயிற்சிகளால் கூன் நிமிர்கிறது, தோள் பின்னுக்குப் போகிறது; அளவு நாடாவில் எதுவும் மாறாதபோதே கண்ணாடியில் மார்பின் நிலை மாறித் தெரிகிறது. கனத்த மார்பால் முதுகு வலிப்பவர்களுக்கும் அதே தசைகள்தான் துணை நிற்கும். ஆண்களைப் போல உடம்பு முறுக்கேறிவிடும் என்ற பயத்துக்கு அடிப்படையில்லை. தசையைப் பெருக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பெண்களின் உடலில் மிகக் குறைவு. சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டு உடல் நடவடிக்கை வழிகாட்டியும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, குறைந்தது 2 நாள் தசை வலுவூட்டும் பயிற்சியைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. சுவரில் கை ஊன்றித் தள்ளும் தண்டாலில் தொடங்கி, பிறகு கீழ்த்தளத்துக் கல் இருக்கைக்கும், அதன் பிறகு தரைக்கும் இறங்கி வரலாம். கூடவே பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றைக் குறைக்காமல் சோற்றையும் பரோட்டாவையும் குறைத்து, வாரத்துக்கு அரை கிலோவை ஒட்டி எடையை இறக்கினால் தோலுக்கும் தசைக்கும் நல்லது.

தேய்ப்பதற்கென்று விற்கும் களிம்புகளும் மசாஜ் எண்ணெய்களும் இந்த ஒப்பீட்டில் இடம்பெறத் தகுதியற்றவை. அவற்றால் கொழுப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

மாற்றத்தை எப்படி அளப்பது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். உள்ளாடையின் எண் மார்புக்குக் கீழுள்ள சுற்றளவையும், எழுத்து அந்தச் சுற்றளவுக்கும் மார்பின் முழுச் சுற்றளவுக்கும் உள்ள வேறுபாட்டையும் குறிக்கின்றன. பொதுவாக ஓர் அங்குல வேறுபாட்டுக்கு ஓர் எழுத்து. கீழ்ச் சுற்று 36, முழுச் சுற்று 39 அங்குலமாக இருந்த ஒருவர் 36சி அணிகிறார். எடை குறைந்த பின் கீழ்ச் சுற்று 34, முழுச் சுற்று 37 என்றால் அவருக்கு 34சி தேவை. எழுத்து மாறவில்லையே என்று அவர் நினைக்கலாம், ஆனால் 34சி கிண்ணத்தின் கொள்ளளவு 36பி கிண்ணத்தின் கொள்ளளவுக்குச் சமம். அதாவது மார்பகம் ஒரு படி சிறுத்திருக்கிறது. அவரே பழைய 36சியைத் தொடர்ந்து அணிந்தால் பட்டை முதுகில் மேலேறும், பாரம் தோளுக்குப் போகும், மார்பு கீழிறங்கித் தெரியும். உடற்பயிற்சியால் மார்பு தொங்கிவிட்டது என்ற புகார்களில் சில இப்படித் தளர்ந்துபோன பட்டையின் வேலையாக இருக்கக்கூடும். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் மார்பகம் வீங்குவது இயல்பு என்பதால், ஒவ்வொரு மாதமும் மாதவிடாய் முடிந்த சில நாளில் அளப்பதே பொருத்தம்.

இத்தனைக்கும் பிறகு, மார்பு சிறுத்துவிடுமே என்பதற்காக எடை குறைப்பதையே தள்ளிப்போடும் பெண்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு உடல் பருமன் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. முறையான உடற்பயிற்சி அதைக் குறைக்கிறது. சிங்கப்பூரில் 50 வயதைத் தாண்டிய பெண்கள் 2 ஆண்டுக்கு ஒரு முறை மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே படம் எடுத்துக்கொள்ளும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். 40 முதல் 49 வயது வரையுள்ளோர் மருத்துவரிடம் கலந்துபேசி ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம். எடை நன்றாகக் குறைந்தவர்களின் படத்தில் மார்பகம் முன்பைவிட அடர்த்தியாகத் தெரியக்கூடும். சுரப்பித் திசு வளர்ந்துவிட்டது என்பது அதன் பொருளன்று. சுற்றியிருந்த கொழுப்பு குறைந்திருப்பதே காரணமாக இருக்கலாம். எடை குறைந்த விவரத்தைப் படம் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிவிடுவது உதவும். இரு மார்பகங்களும் முன்பே சற்று வேறுபட்டிருப்பது இயல்பானது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் புதிதாகச் சுருங்கினாலோ, தோல் குழிந்தாலோ, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, அதை எடை குறைந்த கணக்கில் சேர்க்காமல், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல், அந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும்.